எட்டு அங்குலம்

நான் வாழ்க்கையில் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. அது தீயணைப்புப் படையின் குலுக்கலில்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே போயிருந்தேன். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அது நிற்கிற கொட்டகைக்குள் நீள மேசைகள் போட்டு ஊருக்கே பேன்கேக் சுட்டுப் போடுவார்கள். படைக்கு நிதி சேர, வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு குலுக்கல் சீட்டாவது வாங்குவார்கள். முதல் பரிசு வேட்டைத் துப்பாக்கி. எல்லோருக்கும் அதன்மேல்தான் கண். மூன்றாம் பரிசு பனி தள்ளும் இயந்திரம். ஜெயித்தவர்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துக் கொடுத்து, அதே இயந்திரம் மூன்றாவது வருஷமாகக் குலுக்கலுக்கு வருகிறது. இரண்டாம் பரிசு, பிக்கப் வண்டியை உயர்த்திக் கட்டும் லிஃப்ட் கிட். ஆறு அங்குலம். பொருத்திக் கொடுக்கிற வேலையும் சேர்த்து.

சீட்டை எடுத்தவன் ஸ்டெர்லிங். ஊரில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன், என்னோடு பள்ளியில் படித்தவன். பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ரூலன் பெக்! டேய், தூங்கிட்டியா? எந்திரி. உன் ஆமைக்குக் கால் முளைக்கப் போவுது!"

ஆமை என்பது என் தாழ்வான பிக்கப். கொட்டகை சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டியவர் டெல்வின். என் முன்னாள் மாமனார். அவர் மகள் ட்ரெனா என்னை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. சியாட்டிலில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் இவர் என்னை மாப்ளே என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நானும் மாமா என்பதை மாற்றவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"போன ஞாயித்துக்கிழமைதானே மாமா சபையில சூதாட்டம் பாவம்னு சொன்னாங்க?" என்றேன்.

"அது தீயணைப்புக்குச் செல்லாது. வைக்கப்போர் பத்திக்கிட்டா பிஷப்பா வந்து அணைப்பாரு? போ, போய்ப் பரிசை வாங்கு. ஜென்மத்துல ஒண்ணு கிடைச்சிருக்கு."

உண்மைதான். நான் பாதியில் விடாத விஷயம் குறைவு. எங்கள் சபைப் பிள்ளைகள் பத்தொன்பது வயதில் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவார்கள். நான் ஐந்தாவது மாதம் திரும்பி வந்தேன். பொக்கடெல்லோவில் கல்லூரி, மூன்று பருவம். கல்யாணம், ஒன்பது வருஷம். பர்லி பக்கத்தில் உருளைக்கிழங்கை வறுவலாக்கும் ஆலையில் நைட் ஷிஃப்ட் மட்டும் பதினான்கு வருஷமாக ஓடுகிறது. அதை விட்டால் வேறு வழி இல்லை என்பதால்.

லிஃப்ட் கிட் மேல் எனக்குப் பதினாறு வயதிலிருந்து ஆசை. அதற்குப் பெரிய நியாயம் எதுவும் இல்லை. நான் மலைப்பாறைகளில் வண்டி ஓட்டுகிறவன் இல்லை. உயர்த்திக் கட்டினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், வளைவில் ஆடும், பின்னால் சாமான் ஏற்றத் தோள் வலிக்கும். வேட்டைக் காலத்தில் எல்க் மான் அடித்தவன் எவனும் தன் உயரமான வண்டியில் அதை ஏற்ற முடியாமல் எனக்குத்தான் போன் பண்ணுவான். எல்லாம் தெரியும். இருந்தாலும் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, பக்கத்தில் வந்து நிற்கிற வண்டியின் சக்கரத்தைத்தான் என் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இருபது வருஷமாக அடுத்தவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"வியாழக்கிழமை காலையில கொண்டு வந்து விடு," என்றான் ஸ்டெர்லிங். "வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம். ஆறு அங்குலம் கிட்டு, பெரிய டயர்ல ரெண்டு. மொத்தம் எட்டு. வியாழன் வரலைன்னா அடுத்த வருஷக் குலுக்கலுக்குப் போயிடும், சட்டம் அது."

டெல்வின் என் முதுகில் தட்டினார். "வருவான். நான் கூட்டிட்டு வரேன்."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டெல்வினுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நாலு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ட்வின் ஃபால்ஸில் டயாலிசிஸ். நாற்பது மைல். ஆறு மணிக்கு எனக்கு ஷிஃப்ட் முடியும். ஆறு இருபதுக்கு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். ஏழரைக்கு அவரை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நான் வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள்ளேயே தூங்குவேன். பதினொன்றரைக்கு எழுப்புவார்கள். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. முதல் வாரம் கொண்டுபோய் விட்டேன், இரண்டாவது வாரமும் விட்டேன், அப்புறம் அது அப்படியே ஆகிவிட்டது.

நாற்பத்தைந்து வருஷம் உருளைக்கிழங்கு விளைவித்த ஆள். இப்போது அவர் உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாது. டாக்டர் சாப்பாட்டுப் பட்டியலில் முதல் வரியிலேயே அதை அடித்துவிட்டார். அதனால் வண்டியில் ஏறியதும் அவர் செய்கிற முதல் வேலை, என் சட்டைத் தோளருகே மூக்கைக் கொண்டுவந்து இழுத்து மோப்பம் பிடிப்பது. பன்னிரண்டு மணி நேரம் வறுவல் எண்ணெய்க்குப் பக்கத்தில் நின்ற சட்டை.

திங்கட்கிழமையும் அப்படித்தான் நடந்தது. அவரை ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. இடது கையால் உள்ளே இருக்கும் கைப்பிடி. நல்ல கால் படியில். நான் பின்னாலிருந்து இடுப்பில் கை கொடுத்து மூன்று எண்ணுவேன். அவர் எப்போதும் இரண்டிலேயே எம்பிவிடுவார்.

"ஒண்ணு, ரெண்டு—"

"ஏறியாச்சு."

"மூணு சொல்ற வரைக்கும் இருக்கக் கூடாதா மாமா? என்னிக்காவது என் தாடையில உதைக்கப் போறீங்க."

"நீ மூணு சொல்றதுக்குள்ள என் மூட்டு மனசு மாத்திக்கும்." பிறகு மோந்து பார்த்தார். "ம். புது எண்ணெய். இன்னிக்குப் பொன்னிறமா வந்திருக்கும்."

சாலைக்கு வந்ததும் நான் சொன்னேன். "கிட்டைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு பாக்கறேன்."

"ஏன்?"

"இதுக்கே நீங்க இவ்வளவு பாடு. இன்னும் எட்டு அங்குலம் ஏறினா?"

"ஏணி வாங்கிக்கலாம்."

"வண்டி பின்னால ஏணி வெச்சுக்கிட்டுச் சுத்தச் சொல்றீங்களா?"

"ஏன், தீயணைப்புக்காரன் சுத்தறான்ல? டேய் மாப்ளே, நீ பொழுதுக்கும் அடுத்தவன் வண்டியைப் பாத்து ஜொள்ளு விடறது எனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்தன்னிக்குக்கூட ட்ரெனாவைப் பாத்ததை விட ஸ்டெர்லிங் வண்டியைத்தான் அதிகம் பாத்தே. போட்டோவுல இருக்கு. மாட்டு. மாட்டித்தான் ஆகணும்."

அவருக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று புரியவில்லை. எதிலும் மூக்கை நுழைக்காத ஆள். நான் ஊழியத்திலிருந்து பாதியில் திரும்பிய அந்த வசந்தத்தில், ஊரே என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசியபோது, இவர் ஒருவர்தான் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்: "பாசனக் குழாய் தூக்குவியா?" தூக்குவேன் என்றேன். "அப்ப ஏறு." அதற்கு மேல் அந்தக் கோடை முழுவதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ட்ரெனாவைச் சந்தித்ததெல்லாம் பிறகுதான்.

டயாலிசிஸ் மையத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு வெளியே வரும்போது, முன்மேசையில் இருந்த நர்ஸ் யெசினியா கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்களை இனிமே பாக்க முடியாதா? அடுத்த திங்கள்லேர்ந்து அவர் கவுண்டி வேன்ல வர்றாராமே."

"யார் சொன்னா?"

"அவரேதான். ஞாயித்துக்கிழமை என் போனுக்கே கூப்பிட்டுச் சொன்னார். படிவத்துல இப்பதான் கையெழுத்துப் போட்டார். இந்த வெள்ளிக்கு மட்டும் வேற யார்கூடவோ வர்றாராம். உங்க வண்டி உயரமாகப் போவுதாம், ஏற முடியாதாம்." அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

அன்று வண்டியில் தூக்கம் வரவில்லை. கோபம். கவுண்டி வேன் என்பது மாவட்ட நிர்வாகம் விடுகிற, ஐந்து ஊர் சுற்றி ஆள் பொறுக்கும் வெள்ளைப் பெட்டி. காலையில் ஐந்து மணிக்கே வந்து ஹாரன் அடிக்கும். திரும்பும்போது கடைசி ஆளுக்கு முடிகிற வரைக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். இரத்தம் சுத்தமாகி வருகிற அன்று அவர் முகம் காகிதம் மாதிரி இருக்கும், தலை நிற்காது. அந்த நிலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம். அதுவும் கையெழுத்துப் போட்டு, தானே வாங்கிக்கொண்டது.

திரும்பும்போது அவர் வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கு மத்தியானம் வரேன். வண்டியை உசத்தி வெச்சு ஏறிப் பாத்துடுவோம்," என்றேன்.

"எதுல உசத்துவே?"

"உங்க வேலியோரம் ஸ்லீப்பர் கட்டை கிடக்குல்ல."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "வேணாம்டா. நான் ஏறிடுவேன், பாக்கணும்னு இல்லை."

"பாத்துடுவோம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய பழைய டிராக்டரில் சங்கிலி கட்டி, எட்டு ஸ்லீப்பர் கட்டைகளை இழுத்து வந்து முற்றத்தில் போட்டேன். ஒரு காலத்தில் ரயில் ஓடிய கட்டைகள், தார் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு தடமாக அடுக்கி, முன்னால் பலகையைச் சாய்த்து, வண்டியை மெதுவாக ஏற்றி நிறுத்தினேன். டேப் வைத்து அளந்தேன். ஏறக்குறைய எட்டு அங்குலம். தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பதினாறு வயதில் நினைத்துப் பார்த்த மாதிரியே இருந்தது.

டெல்வின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"தொப்பி எதுக்கு?"

"உசரமான எடத்துக்குப் போறோம்ல."

முதல் தடவை கைப்பிடி எட்டவில்லை. இரண்டாவது தடவை எட்டியது, கால் எழும்பவில்லை. மூன்றாவது தடவை கால் படியில் பட்டு நழுவி, என்மேல் சாய்ந்தார். எடை ஒன்றுமே இல்லை. போன வருஷம் இதைவிடக் கனமாக இருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரே கொட்டகைக்குப் போய் ஒரு கிழங்குப் பெட்டியை எடுத்து வந்து கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் ஏறி நின்றார். "எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு—"

நான் முழு பலத்தோடு தள்ளினேன். அவர் உள்ளே போய் இருக்கையில் குப்புற விழுந்தார். தொப்பி அந்தப் பக்க ஜன்னலில் மோதியது. கொஞ்ச நேரம் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது அவர் நிமிர்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தார். கண் பளபளவென்று இருந்தது.

"டேய்! இங்கேர்ந்து எல்லாம் தெரியுதுடா!"

"என்ன தெரியுது?"

"மலை தெரியுது. கால்வாய் தெரியுது. பக்கத்து வீட்டு நோலா கொல்லை தெரியுது." திடீரென்று முன்னால் குனிந்தார். "என் தள்ளுவண்டி!"

"என்ன?"

"ஆறு வருஷமா தேடறேன். பச்சைப் பிடி போட்டது. இல்லவே இல்லைன்னு பைபிள் மேல கை வைக்காத குறையாச் சொன்னா. தோ, வேலிக்குப் பின்னால செடி வளக்கறா அதுல!" ஜன்னலை இறக்கினார். "நோலா! ஏய் நோலா! அந்தப் பூச்செடியை எடுத்துக்கிட்டு என் வண்டியைக் குடு!"

வேலிக்கு அப்பால் ஒரு கதவு திறந்து உடனே மூடிக்கொண்டது.

அவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் சாண்ட்விச் கொண்டு வந்திருந்தேன், உப்புப் போடாதது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஸ்டெர்லிங்கின் பட்டறையில் வேலை செய்கிற பெண் சாலையில் போனாள், எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். முற்றத்தில், கட்டைமேல் நிற்கும் வண்டியில், எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்கள். ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"சரி," என்றேன். "இறங்குங்க பாப்போம்."

அவர் கதவைத் திறந்து கீழே பார்த்தார். பெட்டி சின்னதாகத் தெரிந்தது. காலை வெளியே விட்டார். உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பி உட்கார்ந்து வேறு காலை விட்டார். கைப்பிடியை விடவில்லை.

"இரு. கொஞ்சம் காத்து வாங்கிட்டு இறங்கறேன்."

"வேனுக்குக் கையெழுத்துப் போட்டீங்களாமே."

அவர் கதவை மூடினார். சாண்ட்விச் காகிதத்தை நாலாக மடித்தார்.

"அந்தப் பொண்ணு வாயில எதுவும் நிக்காது."

"ஏன் மாமா?"

"வண்டி உசரமானா என்னால ஏற முடியாது. நீயே இப்பப் பாத்தியே."

"அதுக்கு நான் கிட்டைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போறேன். நீங்கதானே மாட்டு மாட்டுன்னு உயிரை வாங்கினீங்க."

"அதனாலதான் மாட்டச் சொன்னேன்." என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துச் சொன்னார். "நாலு வருஷம்டா. நாலு வருஷமா வாரத்துல மூணு நாள் நீ கார் நிறுத்தற எடத்துல தூங்கறே. கழுத்து ஒரு பக்கமா வளைஞ்சு போச்சு உனக்கு. வேணாம்னு சொன்னா கேக்க மாட்டே. வண்டியே என்னை வேணாம்னு சொன்னா, நீ கேட்டுத்தானே ஆகணும்."

எனக்கு நல்ல வார்த்தைகள் வராது. ட்ரெனா பிரிந்தபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

"என் ரூம்ல பகல்ல தூக்கம் வராது," என்றேன். "மேல் வீட்டுக்காரன் நாய் வெச்சிருக்கான். நான் ஒழுங்காத் தூங்கறதே அந்த நிறுத்தத்துலதான்."

"பொய்."

"நாய் நெஜம்."

"நீ என் மகளுக்குக் கட்டுப்பட்டவன்கூட இல்லடா இப்ப."

"உங்க மகளுக்காக யாரு வரா?"

நான் அதை விளக்கவில்லை. குழாய் தூக்கிய கோடையைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை, இப்போது ஆரம்பிப்பானேன்.

பிறகு இறங்க முயன்றோம். நான் கீழே நின்று கை கொடுத்தேன். பெட்டிமேல் பெட்டி வைத்தேன், அது ஆடியது. முதுகில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன்; செத்தாலும் மாட்டேன் என்றார். நோலா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஏணி வேணுமா?" என்று கேட்டாள். "முதல்ல தள்ளுவண்டி!" என்றார் இவர். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது.

கடைசியில் அவர்தான் நிறுத்தினார். "டேய். நாம ரெண்டு பேரும் முட்டாளா?"

"ஏன்?"

"இது வண்டிதானே. ஓட்டி இறக்கேன்."

நான் அப்படியே நின்றேன். பிறகு சுற்றிப் போய் ஏறி, வண்டியைக் கிளப்பி, பின்னால் எடுத்து, பலகை வழியாக இறக்கினேன். எட்டு அங்குலம். அவர் கதவைத் திறந்து, காலைத் தரையில் வைத்து, தானாகவே இறங்கி நின்றார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"முடிஞ்சுது," என்றேன். "கிட்டு வேணாம்."

"திருப்பிக் கொடுக்காதே. அந்தப் பனி தள்ளும் மெஷின் மாதிரி ஊர் சுத்தும். வாங்கிட்டு வந்து என் கொட்டகையில போடு."

"போட்டு?"

"நான் போனதுக்கப்புறம் மாட்டிக்கோ. இரும்புதானே, கெட்டுப் போகாது."

"அவசரம் இல்லை," என்றேன்.

"எனக்கும் இல்லை," என்றார்.

வியாழக்கிழமை காலை நான் பெட்டிகளை வாங்கப் போனபோது ஸ்டெர்லிங் நம்பவில்லை. "மாட்டாம எடுத்துட்டுப் போறியா? டேய், இது கல்யாணம் பண்ணிக்கிட்டுப் பொண்ணை அங்கேயே விட்டுட்டு வர்ற மாதிரி."

"அதுவும் பண்ணிப் பாத்தாச்சு," என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக் கொடுத்தான். தூக்கி வைக்க ஒரு சிரமமும் இல்லை. என் வண்டி தாழ்வு.

வெள்ளிக்கிழமை ஆறு இருபதுக்கு டெல்வின் வாசலில் நின்றார். முற்றத்தில் பச்சைப் பிடி போட்ட தள்ளுவண்டி இருந்தது, உள்ளே நோலாவின் பூச்செடி அப்படியே. "செடியை எடுத்துக்க மாட்டாளாம். அதுக்கும் நானே தண்ணி ஊத்தணுமாம்," என்றார். கைப்பிடியைப் பிடித்தார். ஒண்ணு, ரெண்டு. ஏறியாச்சு.

பாதி வழியில் யெசினியாவுக்குப் போன் போட்டு, அந்தப் படிவத்தைக் கிழித்துவிடச் சொன்னார். வேன் ஐந்து மணிக்கே வருமாம், அது மனுஷன் எழுந்திருக்கிற நேரமா என்று அவளிடம் சண்டை பிடித்தார். எதிரே ஒரு வண்டி வந்தது. கறுப்பு, புதுசு, என் தலை உயரத்துக்குச் சக்கரம். நான் அது கண்ணாடியில் மறைகிற வரைக்கும் பார்த்தேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றார். பிறகு என் தோள் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தார். முகம் சுளித்தார்.

"என்னடா இது? நேத்து எண்ணெய் மாத்தலையா?"